தாபனங்கள் மாறும் வகை

விழா மலர்களில் எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளைக் கூறுவர். நம் கல்லூரி தோன்றிய நாள் முதல் தன் இலட்சியத்தினின்றும் வழுவாது நின்றது என்பது ஒன்று. காலத்துக்கேற்ப மாறி வளர்ந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே பக்கத்தில், சிலவேளை ஒரே வாக்கியத்தில், வருதலும் உண்டு. மாறாது நின்றதும் மாறி வளர்ந்ததும் ஒரே கல்லூரியாயின், நின்றது யாது, மாறியது யாது, மாற்றியவர் யாவர் என்னும் வினாக்கள் எழுதல் இயல்பு. அவ்வினாக்களுக்கு விடை காண உதவுமாறு சமூகவியலார் வகுத்த கொள்கைகள் சிலவற்றை உதாரணங்களோடு எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியன் ஒருவனுக்குச் சமூகவியலில் என்ன அலுவல் என்று என்னிடம் கற்ற மாணவர் சிலர் நகைக்கக்கூடும். இலக்கணமும் ஒரு தாபனமே. பவணந்தி முனிவர் தமது நன்னூலை முடிக்குமிடத்து, காலத்தால் மொழியில் நேரும் மாற்றத்துக்கு இலக்கணத்தினுள்ளேயே இடம் வகுத்துச் சென்றார். விதி செய்தவரே விதிகள் மாறும் என்பதனையும் ஒரு விதியாக வைத்தார். ஆகவே, நன்னூலைக் கற்பிப்பவனுக்கு இவ்வாராய்ச்சி முற்றும் புறம்பானதன்று.

தாபனம் என்பது யாது?

தாபித்தல் என்பது நிலைபெறச் செய்தல். தாபனம் என்னும் பெயரிலேயே நிலைபேறு அடங்கியிருக்கின்றது. ஆனால், நிலைபெறுவது கட்டிடமோ மதிலோ அன்று. பிரான்சிய அறிஞர் எமில் டூர்க்கைம் (1858 - 1917) சமூகவியலைத் தாபனங்களைப் பற்றிய அறிவியல் என்றே வரையறுத்தார். தனியொருவர் பிறக்குமுன்னரே இருந்து, அவர் மறைந்த பின்னும் நின்று, அவருடைய ஒழுகலாற்றை வரம்பு செய்யும் நம்பிக்கைகளும் நடைமுறைகளுமே அவர் கருதிய தாபனங்களாம்.

இதனை விளங்குதற்குப் பெருநூல்கள் வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பிற் புதிதாகச் சேர்ந்த மாணவனை முதல்நாட் காலையிற் பாருங்கள். மணியோசை கேட்டதும் மற்றவர்களைப் பார்த்து வரிசையில் நிற்கின்றான். தேவாரம் பாடப்படும்போது கைகூப்புகின்றான். ஆசிரியர் வகுப்பினுள் வர எழுகின்றான். ஒருவரும் அவனுக்கு விதிப்புத்தகத்தைப் படித்துக் காட்டவில்லை. அடுத்த ஆண்டு புதிதாக வருபவனுக்கு அவனே இவற்றைக் கற்பித்து விடுகின்றான். கற்பித்தவன் கல்லூரியை விட்டு நீங்கினாலும் வழக்கம் நிற்கின்றது. ஒருவர் மற்றொருவருக்குக் கையளிக்கும் இச்சங்கிலியே தாபனத்தின் உயிர். இதனை வாசகர் மனத்திற் கொள்வாராக. கட்டுரையின் முடிவில் இவ்விடத்துக்கு மீண்டும் வருவோம்.

டூர்க்கைம் 1904-05ஆம் கல்வியாண்டிற் பாரிசில், ஆசிரியராக வரவிருந்த மாணவர்க்குப் பிரான்சியக் கல்வியின் வரலாற்றை விரிவுரைகளாக நிகழ்த்தினார். அவர் மறைந்த பின் 1938இல் அவை நூலுருப் பெற்றன. இன்றைய பாடசாலையை அறிதற்கு அதன் பழைய நிலைகளை ஆராய்தல் வேண்டும் என்பது அவ்விரிவுரைகளின் அடிப்படை. விழா மலர் வெளியிடுவோர்க்கும் அஃது ஏற்ற கொள்கையே.

தனிமனிதரிலிருந்து சபைக்கு

தாபனங்கள் தோன்றி மாறும் முறையைப் பற்றிப் பெரிதும் பேசப்படுங் கொள்கை ஜேர்மனிய அறிஞர் மக்ஸ் வெபர் (1864 - 1920) கூறியது. மக்கள் ஒருவருடைய ஆணைக்கு அடங்குவதற்குரிய காரணங்களை அவர் மூன்றாக வகுத்தார். முன்னோர் அடங்கினர் ஆதலால் யாமும் அடங்குகின்றோம் என்பது மரபு. சட்டம் அவருக்கு அவ்வதிகாரத்தைக் கொடுத்திருக்கின்றது என்பது சட்டநெறி. அவர் இயல்பாகவே பிறர்க்கில்லாத பேராற்றல் வாய்ந்தவர் என்பது ஆளுமை. மூன்றாவது வகை அதிகாரமே பழைய கட்டுக்களை உடைத்துப் புதியன படைக்க வல்லது. ஆனால், அஃது அவரோடு பிறந்து அவரோடு மறைவது. அவருக்குப் பின் யார், பணம் எங்கிருந்து வரும், ஊழியர்க்குச் சம்பளம் யார் கொடுப்பார் என்னும் வினாக்கள் எழுந்தவுடன், அவ்வாற்றல் நாளாந்த நடைமுறைக்குள் அடங்கத் தொடங்கும். சபையும் யாப்பும் கணக்குப் புத்தகமும் தோன்றும்.

இக்கொள்கைக்கு உதாரணந் தேடி நாம் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. ஆறுமுக நாவலர் (1822 - 1879) மணஞ் செய்யாது, மிஷன் பாடசாலையில் இருந்த உத்தியோகத்தையும் விடுத்து, 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். மக்கள் பொருள் கொடுத்தமையும் பிள்ளைகளை அனுப்பியமையும் பெரும்பாலும் அவரை நம்பியே ஆகும். அவர் மறைந்து 9 ஆண்டுகளின் பின், 1888இல் சைவபரிபாலன சபை தோன்றியது. 1890இல் யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரி அச்சபையின் பொறுப்பில் அமைந்தது. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் கிராமங்கள்தோறும் பாடசாலைகளை நடத்தியது. ஒருவர் குரலாற் செய்ததைப் பின்வந்தோர் தீர்மானங்களாலும் நிதிக்குழுக்களாலும் செய்தனர். நாவலருடைய சொல்லுக்கு இருந்த வலிமை தீர்மானப் புத்தகத்துக்கு இல்லை. ஆனால், தீர்மானப் புத்தகத்தின் ஆயுள் மனித ஆயுளிலும் நீண்டது. இந்த ஈடுமாற்றையே வெபர் எடுத்துக் காட்டினார்.

சபைகள் தோன்றிய பின் அவற்றினுள் நிகழ்வதைப் றொபேட் மிச்செல்ஸ் என்பவர் 1911இல் ஆராய்ந்தார். மக்களாட்சியைக் கொள்கையாகக் கொண்ட ஜேர்மனியச் சமூக ஜனநாயகக் கட்சியிலேயே, அதிகாரம் நாளடைவிற் சிலரிடம் ஒடுங்குவதை அவர் கண்டார். அமைப்பு வளருந்தோறும் அதன் நுட்பங்களை அறிந்தோர் சிலராகின்றனர், பலர் ஒதுங்குகின்றனர், சிலர் நிலைக்கின்றனர். இதனை அவர் சிலராட்சியின் இரும்பு விதி என்றார். சங்கங்களின் பொதுக்கூட்டத்திற் காலியாகக் கிடக்கும் நாற்காலிகளைக் கண்டவர்கள் இவ்விதியின் உண்மையை அறிவர். செயற்குழுவினரைக் குறை கூறுமுன், கூட்டத்துக்கு வாராதவர் தம்மையும் சற்று நோக்குதல் தகும்.

அமெரிக்க அறிஞர் றொபேட் மேட்டன் 1940இல் மற்றொரு நோயைச் சுட்டினார். நோக்கத்தை அடைதற்பொருட்டு ஏற்பட்ட விதி, காலஞ் செல்லத் தானே நோக்கமாகிவிடும் என்பது அது. வரவுப் பதிவேடு பிள்ளையின் நன்மைக்காக ஏற்பட்டது. அது பிழையின்றி இருத்தலே பெரிதெனக் கருதி, பிள்ளை ஏன் வரவில்லை என்று விசாரியாது விடுவோமாயின், மேட்டன் கூறியது நம் வகுப்பறையிலேயே நிகழ்ந்துவிட்டது.

நோக்கம் நிறைவேறிய தாபனம்

ஒரு தாபனம் தன் நோக்கத்தை முழுமையாக நிறைவேற்றிவிட்டால் யாது செய்யும்? அமெரிக்காவில் நடந்த வரலாறு இதற்கு விடை தருகின்றது. பிராங்கிளின் றூஸ்வெல்ற் 1921இல் இளம்பிள்ளைவாதத்தாற் கால்களின் வலிமையை இழந்தவர். அவர் சனாதிபதியாயிருந்த காலத்தில், 1938இல், அந்நோயை ஒழித்தற்கென ஒரு தேசிய மன்றம் நிறுவப்பட்டது. பொதுமக்கள் பத்துச் சத நாணயங்களைத் தபாலில் அனுப்பினர். நாடெங்கும் கிளைகள் தோன்றின; தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று பணஞ் சேர்த்தனர். அம்மன்றத்தின் பொருளுதவியோடு ஜோனாஸ் சால்க் ஆக்கிய தடுப்பு மருந்து பயனுடையது என்னும் செய்தி 1955ஆம் ஆண்டு ஏப்பிரில் 12ஆம் திகதி வெளியாயிற்று.

வென்ற படை கலைந்து வீடு செல்லும் என்று எதிர்பார்த்தல் இயல்பு. மன்றம் கலையவில்லை. அதன் தொண்டர்களை ஆராய்ந்து 1957இல் நூல் எழுதிய டேவிட் சில்ஸ், மன்றம் புதியதொரு நோக்கத்தைத் தேடிக்கொள்ளும் என்று கருதினார். ஒன்றுகூடி உழைத்துப் பழகியோர்க்கு அக்கூட்டுறவே ஒரு பெறுமதியாய் விட்டது. நாடு தழுவிய கிளைகளும் எப்பணிக்கும் பயன்படத்தக்கனவாய் இருந்தன. அவர் கருதியவாறே, 1958இல் அம்மன்றம் பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் பணியை மேற்கொண்டது. பின்னர்த் தாய்சேய் நலத்துக்காக உழைத்தது. நோக்கம் தாபனத்தை ஆக்குகின்றது. ஆக்கப்பட்ட தாபனம் தனக்கு வேண்டிய நோக்கத்தைத் தானே தேடவும் வல்லது. பழைய மாணவர் சங்கங்களும் இத்தகையனவே. கல்லூரியிற் கற்ற காலம் முடிந்த பின்னும் கூட்டுறவு முடியாமையாலன்றோ இம்மலர் வெளிவருகின்றது!

ஒன்றையொன்று ஒத்தல்

தாபனங்கள் மாறும்போது ஏன் ஒன்றுபோல மற்றொன்றும் ஆகின்றது என்னும் வினாவை அமெரிக்கச் சமூகவியலாரான போல் டிமாஜியோ, வால்ற்றர் பவல் ஆகியோர் 1983இல் ஆராய்ந்தனர். அவர்கள் கூறிய வழிகள் மூன்று. அரசும் பணந் தருவோரும் வற்புறுத்துதல் ஒரு வழி. எது சரியென்று துணிய முடியாதபோது, வெற்றி பெற்ற அயலவரைப் பார்த்துச் செய்தல் இரண்டாம் வழி. ஒரே வகையான பயிற்சி பெற்ற தொழிலறிஞர் எங்குஞ் சென்று ஒரே முறையைக் கையாளுதல் மூன்றாம் வழி.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் வரலாறு இம்மூன்றனுக்கும் உரைகல்லாகும். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கு வந்தனர். வெஸ்லியன் சபையினர் அதற்கு முன்னரே வந்திருந்தனர். நாவலர் வெஸ்லியன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் உதவியவர். பின்னர் அவர் மிஷன் சமயத்தை எதிர்த்தபோது, மிஷன் கருவிகளையே எடுத்தார். வகுப்புக்கேற்பப் படிமுறையாக அமைந்த பாலபாடங்கள், அச்சியந்திரம், கோயில் மண்டபத்துப் பிரசங்கம் ஆகியன அக்கருவிகள். 1872இல் ஆங்கிலங் கற்பிக்கும் சைவப் பாடசாலை ஒன்றையும் தொடங்கினார். பொருட்குறையால் அது சில ஆண்டுகளில் நின்றது. இது பார்த்துச் செய்தலாகும். ஆயினும், பார்த்துச் செய்தவர் எதனை எடுப்பது, எதனை விடுவது என்று அறிந்தே செய்தார்.

வற்புறுத்தலுக்குரிய காலம் 1869இற் பொதுப்போதனைத் திணைக்களம் தோன்றிய பின் வந்தது. அரசாங்கத்தின் உதவிநன்கொடையை விரும்பிய பாடசாலை, எச்சமயத்தாரதாயினும், அரசாங்கத்தின் பரிசோதகரையும் அவர் வேண்டிய பாடங்களையும் ஏற்க வேண்டியதாயிற்று. மூன்றாம் வழிக்கு ஆசிரியர் கலாசாலைகள் சான்று. அங்குப் பயின்று வெளிவந்த நாங்கள் எவ்வூருக்குச் சென்றாலும் ஒரே மாதிரியான பாடக்குறிப்பையே எழுதுகின்றோம். ஆகவேதான், சைவப் பாடசாலையும் கிறித்தவப் பாடசாலையும் வழிபாட்டில் வேறுபட்டும், மணியிலும் நேரசூசியிலும் பரிசளிப்பு விழாவிலும் இல்ல விளையாட்டுப் போட்டியிலும் ஒன்றையொன்று ஒத்து நிற்கின்றன.

நால்வகை மாற்றம்

இதுகாறும் கூறியவற்றால், மாற்றம் ஏன் நிகழ்கின்றது என்பது ஒருவாறு விளங்கும். எவ்வாறு நிகழ்கின்றது என்பதனைத் தெளிவாக வகைசெய்தோர் பிற்காலத்தவர். வொல்வ்காங் ஸ்ற்றீக், கதலீன் தெலன் ஆகியோர் 2005இலும், ஜேம்ஸ் மஹோனியும் தெலனும் 2010இலும் வெளியிட்ட நூல்களில் இவ்வகைப்பாடு காணப்படும். பெருங்குழப்பங்களும் புரட்சிகளுமே தாபனங்களை மாற்றும் என்னும் எண்ணத்தை அவர்கள் மறுத்தனர். சிறிது சிறிதாக, ஆரவாரமின்றி நிகழும் மாற்றங்கள் சேர்ந்து, தாபனத்தை வேறொன்றாகவே ஆக்கிவிடும் என்றனர். அம்மாற்றங்களைத் தமிழிற் பதிலிடல், அடுக்கல், திருப்பல், நழுவல் என நான்காகக் கூறலாம்.

பதிலிடல், பழைய விதியை நீக்கிப் புதியதை வைத்தல். அடுக்கல், பழையதை நீக்காது அதன்மேல் புதியதை வைத்தல். இவ்விரண்டனுக்கும் இலங்கைக் கல்வியே உதாரணம். கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சமயச் சபைகளின் முகாமையாளர்கள் நீக்கப்படவில்லை. அவர்களுடைய பாடசாலைகளுக்கு மேல் அரசின் சம்பளமும் இலவசக் கல்வி விதியும் அடுக்கப்பட்டன. ஆனால், மேலடுக்கின் பாரம் ஆண்டுதோறும் கூடியது. சம்பளம் அரசினதாயின் முகாமையும் அரசினதாதல் வேண்டும் என்னும் வாதம் வலுப்பெற்றது. 15 ஆண்டுகளின் பின், 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசின் கீழ்க் கொண்டுவந்தன. அடுக்கல், பதிலிடலுக்கு வழி செய்தது. 1960இல் நிகழ்ந்ததைப் பற்றி வாதிடுவோர் பலர். அது 1945இலேயே தொடங்கியது என்பதனை எண்ணுவோர் சிலர்.

திருப்பல் என்பது விதியும் பெயரும் நிற்க, அவற்றை வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்துதல். ஜேர்மனியிற் கைவினைஞரைப் பேணும் சட்டம் ஒன்று 1897இல் நிறைவேறியது. கைவினைச் சங்கங்கள் பயிலுநரைப் பயிற்றி, பரீட்சித்து, சான்றிதழ் வழங்கும் உரிமையைப் பெற்றன. சிறுதொழிலாளரைச் சமூக ஜனநாயகக் கட்சியின் பக்கஞ் சாராது காத்தல் அரசின் எண்ணங்களுள் ஒன்று. தெலன் 2004இல் எழுதிய நூல் அதன் பிற்கால வரலாற்றைக் கூறுகின்றது. பெருந்தொழிற்சாலைகள் அம்முறையைத் தமக்கேற்ப அமைத்துக்கொண்டன. தொழிற்சங்கங்களும் அதனை எதிர்ப்பதை விட்டு, அதனுட் பங்கு கேட்டன. 1969இல் மேற்கு ஜேர்மனியின் தொழிற்பயிற்சிச் சட்டம் அப்பங்கை உறுதி செய்தது. தொழிலாளர் இயக்கத்துக்கு எதிராக எழுந்த ஏற்பாடு அவ்வியக்கத்தின் தூண்களுள் ஒன்றாயிற்று.

நம் மண்ணிலும் இத்தகைய திருப்பல் நிகழ்ந்தது. அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவியது. தமிழ் இளைஞரைக் கிறித்தவ ஊழியராக்குதல் அதன் தலையாய நோக்கம். ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானசாஸ்திரமும் அங்குக் கற்பிக்கப்பட்டன. கற்றவர்களிற் பலர் அக்கல்வியை அரசாங்க உத்தியோகத்துக்கும் பிற தொழில்களுக்கும் வழியாகக் கொண்டனர். விதிகளை மாற்றாமலே மாணவர் தாபனத்தின் போக்கைத் திருப்பிவிட்டனர். இதனைக் கண்ட மிஷனின் தலைமைச் சபையார், மூல நோக்கம் பழுதுபட்டதெனக் கருதி, 1855இல் அதனை மூடினர். ஆயினும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அச்செமினரியிற் கற்றவர்களே. பிற்காலத்திற் சைவத்தைத் தழுவிய தாமோதரம்பிள்ளை, 1887இற் கலித்தொகையை அச்சிற் பதிப்பித்தார். தாபித்தவர் எண்ணாத பயனைத் தமிழுலகம் பெற்றது. 1872இல் வட்டுக்கோட்டையிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. எனவே, மூல நோக்கத்தினின்றும் விலகிய மாற்றமெல்லாம் கேடு என்று துணிதல் கூடாது.

நழுவல்

நான்காவதாகிய நழுவலைத் தனியே கூறுதற்குக் காரணம் உண்டு. முன்னைய மூன்றிலும் மாற்றுவோர் உளர். அவரை நாம் காணலாம், வினவலாம், எதிர்க்கலாம். நழுவலில் எவரும் எதனையும் மாற்றுவதில்லை. சூழல் மாறுகின்றது, விதி அப்படியே நிற்கின்றது, அதனால் விதியின் பயன் மறைகின்றது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1938இல் முதன்முதல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 25 சதமாக விதித்தது. அது பலமுறை உயர்த்தப்பட்டு, 2009ஆம் ஆண்டு யூலையில் 7.25 டொலராயிற்று. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாக அத்தொகை மாற்றப்படவில்லை. விலைகளோ ஏறிக்கொண்டே சென்றன. சட்டத்தில் ஓரெழுத்தும் மாறாமலே தொழிலாளியின் பாதுகாப்பு ஆண்டுதோறும் தேய்ந்தது.

இனி, பிறர் கதையை விடுத்து என் கதையைக் கூறுகின்றேன். முன்னர் யான் கற்பித்த பாடசாலை ஒன்றில், தமிழ் இலக்கிய மன்றத்துக்குப் பொறுப்பாசிரியனாய் இருந்தேன். வெள்ளிக்கிழமை இறுதிப் பாடவேளை மன்றத்துக்கு உரியது. ஒரு தவணையிற் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியமையால், பாடத்திட்டத்தை முடித்தற்பொருட்டு அவ்வேளையை இரு கிழமைக்கென யானே எடுத்துக்கொண்டேன். அடுத்த கிழமை கணித ஆசிரியர் கேட்டார். மறுக்க எனக்கு வாயில்லை. அதன்பின் விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி வந்தது. மன்றத்தை நிறுத்துவோம் என்று எவருஞ் சொல்லவில்லை. நேரசூசியில் அதன் பெயர் இருந்தது. ஆண்டறிக்கைக்கு மன்றம் சிறப்புற இயங்கி வருகின்றது என்று எழுதிக் கொடுத்தவனும் யானே.

ஜோன் மேயர், பிரையன் றோவன் என்னும் இருவர் 1977இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் பின்னர்ப் படிக்க நேர்ந்தது. தாபனங்கள் பிறர் மதிக்கும் வடிவத்தை ஒருபுறம் பேணி, உள்ளே நடக்கும் வேலையை அதனோடு தொடர்பின்றி விடுதல் உண்டு என்று அவர்கள் கூறியிருந்தனர். அப்போது என் ஆண்டறிக்கை நினைவுக்கு வந்தது. அலுமாரியிலிருந்து மன்றத்தின் கூட்டக்குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசிக் குறிப்பு மூன்றாண்டுக்கு முந்தியது. அதன் அடியில், அடுத்த கூட்டத்திற் பேசவேண்டிய மாணவனின் பெயர் எழுதப்பட்டிருந்தது. மேடையேற அஞ்சியவன் அவன். பலமுறை ஊக்கிய பின்பே இசைந்தான். அடுத்த கூட்டம் நடைபெறவில்லை. யான் அப்புத்தகத்தைத் திறந்தபோது, அவன் பாடசாலையை விட்டு நீங்கி ஓராண்டு கழிந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மன்றத்தைக் கூட்டினேன். மாணவர் வந்திருந்தனர். தலைவர் எங்கே அமர்வது, செயலாளர் எதனை வாசிப்பது, நன்றியுரை யாருக்குரியது என்பவற்றை அறிந்தவன் அங்கு ஒருவனும் இல்லை. அறிந்தவர்கள் பரீட்சை எழுதிச் சென்றுவிட்டனர். முதலிற் கூறிய சங்கிலி, மாணவனிடமிருந்து மாணவனுக்குக் கையளிக்கப்படும் அச்சங்கிலி, அறுந்திருந்தது. மூன்றாண்டின் சோம்பலைத் திருத்த எனக்கு ஏறத்தாழ இரண்டாண்டு பிடித்தது. அம்மாணவனுக்கு யான் திருப்பிக் கொடுக்கக்கூடியது ஒன்றுமில்லை.

விழா ஆண்டிற் செய்யத்தக்கது

மேற்கூறிய கொள்கைகளிலிருந்து நாம் பெறும் பயன் யாது? மாற்றத்தை அஞ்சவேண்டியதில்லை என்பது ஒன்று. நாவலர் அறிந்து எடுத்தார். பின்வந்தோர் சபை கூடி மாற்றினர். செமினரி மாணவர் தம் தேவைக்கேற்பத் திருப்பினர். அவற்றால் நம் சமுதாயம் பெற்ற நன்மை பெரிது. எவரும் துணியாமல், எவரும் அறியாமல், பெயர் மட்டும் நிற்கப் பொருள் வடிந்துபோகும் மாற்றமே நாம் அஞ்சத்தக்கது. அதனைத் தடுத்தற்குப் பெரும்பணமோ புதிய கட்டிடமோ வேண்டியதில்லை. இடையிடையே நின்று எண்ணிப் பார்த்தல் போதும். விழா என்பது அவ்வாறு நின்று எண்ணுவதற்குக் காலம் நமக்களித்த இடமாகும்.

ஆதலின், பழைய மாணவர்க்கும் மாணவர்க்கும் என் உடனாசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரியில் இன்று பெயரளவில் உள்ள மன்றங்கள், விழாக்கள், பரிசுகள், வழக்கங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுவோம். ஒவ்வொன்றும் தோன்றியபோது எதற்காகத் தோன்றியது என்பதை மூத்த பழைய மாணவரிடம் மாணவர் கேட்டறிந்து குறிப்பாராக. அம்மூத்தோர் உள்ளபோதே அது செய்யத்தக்கது. பின்னர், அது பதிலிடப்பட்டதா, அடுக்கப்பட்டதா, திருப்பப்பட்டதா, நழுவியதா என்று ஆசிரியர் கூடி ஆராய்வோம். வேண்டாததைச் சபை கூடி, காரணங் கூறி, நன்றியோடு நிறுத்துவோம். வேண்டியதை அறிந்தவர் இருக்கும்போதே அறியாதவர் கையிற் கொடுப்போம்.

இந்த ஆண்டின் அறிக்கையில் ஏதேனும் ஒரு மன்றம் சிறப்புற இயங்கி வருகின்றது என்று எழுதப் பேனாவை எடுக்கும் ஆசிரியர், முதலில் அதன் கூட்டக்குறிப்புப் புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கத்தைப் பார்ப்பாராக. அடுத்த கூட்டத்திற் பேசவேண்டியவன் யார் என்று அங்கு எழுதியிருக்கும். அவன் இன்னும் நம் வகுப்பறையில் இருக்கின்றானாயின், காலங் கடந்துவிடவில்லை.